காப்பகத்தில் விடும் பிள்ளைக்குக் கடுமையான உணவு அலர்ஜி இருந்தால்: செட்டிநாட்டுப் பெற்றோருக்கும் பிள்ளை பார்ப்பவர்களுக்கும்

ஆயுத பூஜைக்கு மறுநாள், காலை பதினொரு மணி இருக்கும். என் மகளுக்கு அப்போது இரண்டேகால் வயது. காப்பகத்தில் முந்தின நாள் படைத்த பொரியைப் பிள்ளைகளுக்குப் பங்கு வைத்திருக்கிறார்கள். இவளுக்கு நிலக்கடலை ஆகாது என்று ஆயாம்மாவிடம் சொல்லியிருந்தேன். அவரும் மறக்கவில்லை. பொரியில் கிடந்த கடலையை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்துவிட்டு, வெறும் பொரியை ஒரு சின்னக் கிண்ணத்தில் போட்டுக் கொடுத்திருக்கிறார். "மத்த பிள்ளைக திங்கையில இது மட்டும் பாத்துக்கிட்டு நின்னா ஏங்கிப் போயிரும்ல ஆச்சி" என்று பிறகு அழுதுகொண்டே சொன்னார்.

பத்து நிமிஷத்தில் இருமல். உதடு வீங்கியது. நாக்கைச் சுரண்டிச் சுரண்டி அழுதாள், அழுகைக் குரல் கம்மிக்கொண்டே போனது, இரண்டு முறை வாந்தி. எனக்குப் போன் வந்தபோது நான் சொன்னது இதுதான்: "பையில சிரப் இருக்கு, அதக் குடுங்க, நான் வந்துர்றேன்." அது என் தவறு. நான் போய்ச் சேர்ந்தபோது பிள்ளை ஒருவர் தோளில் துவண்டு கிடந்தாள். முகம் வெளிறிப் போயிருந்தது. ஆட்டோவில் மருத்துவமனைக்கு ஓடினோம். தொடையில் ஒரு ஊசி போட்டார்கள். ஐந்து நிமிஷத்தில் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். அந்த மருந்தின் பெயர் அட்ரினலின் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

கடலைத் தோலும் தூளும் பொரியில் ஒட்டியிருக்கும், அதுவே ஒரு பிள்ளையை வீழ்த்தப் போதும் என்று ஆயாம்மாவுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. அவருடைய அக்கறையில் ஒரு குறையும் இல்லை. நம் ஊரில் பிள்ளைக்குத் தின்னக் கொடுக்காமல் இருப்பதுதான் பெரிய குற்றம். கொடுக்க வேண்டும் என்கிற அந்த மனசுதான் அன்று அவளை மருத்துவமனை வரை கொண்டு போனது. ஆகவே இந்த ஒரு விஷயத்தில் நல்ல மனசை மட்டும் நம்பியிருக்காதீர்கள். எல்லாவற்றையும் எழுதி, பழகிப் பார்த்து, சுவரில் ஒட்டி வையுங்கள். எப்படி என்று வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் வேலை: எது ஆகாது என்று உறுதி செய்வது

திடீரென்று உடம்பில் தடித்துக் கிளம்பினால் காணாக்கடி என்போம். வேப்பிலை அடிப்போம், பார்வை பார்ப்போம். சொறி நாள்பட்டால் கரப்பான் என்று கத்திரிக்காயையும் கருவாட்டையும் நிறுத்துவோம். இந்தப் பழக்கத்தில் உண்மையான அலர்ஜி கண்ணில் படாமலே போய்விடுகிறது. ஏதாவது ஒன்றைத் தின்ற சில நிமிஷத்திலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் தடிப்போ, உதடு வீக்கமோ, வாந்தியோ, இருமலோ வந்தால், அது ஒரே ஒரு முறை வந்திருந்தாலும், குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.

மருத்துவருக்கு முதலில் தேவைப்படுவது நீங்கள் சொல்லும் விவரம்தான். என்ன தின்றது, எவ்வளவு, எத்தனை நிமிஷம் கழித்து என்ன தெரிந்தது, எப்போது அடங்கியது என்று எழுதிக்கொண்டு போங்கள். தடிப்பைச் செல்போனில் படம் எடுத்திருந்தால் இன்னும் நல்லது, போய்ச் சேர்வதற்குள் அது மறைந்துவிடும். அதற்குப் பிறகுதான் தோலில் குத்திப் பார்க்கும் சோதனையும் ரத்தச் சோதனையும். சோதனையில் 'பாசிட்டிவ்' என்று வந்ததாலேயே அந்த உணவு ஆகாது என்று முடிவு கட்ட முடியாது. தின்று ஒன்றும் ஆகாத உணவுக்கும் பாசிட்டிவ் வரும். நூறு உணவுக்கு மொத்தமாக ரத்தம் பார்த்துத் தரும் பேக்கேஜ்களில் பணத்தைப் போடாதீர்கள். அதைப் பார்த்துப் பயந்து பால், முட்டை, கோதுமை, பருப்பு எல்லாவற்றையும் நிறுத்தினால் வளர்கிற பிள்ளை மெலிந்து போகும்.

பொதுவாகச் சின்னப் பிள்ளைகளுக்கு ஆகாமல் போவது பால், முட்டை, நிலக்கடலை, முந்திரி, பாதாம், பிஸ்தா போன்ற பருப்பு வகை, எள், கோதுமை, சோயா, மீன், இறால், நண்டு. பாலும் முட்டையும் ஆகாத பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு வளர வளரச் சரியாகிவிடும். நிலக்கடலைக்கு அப்படியில்லை, ஐந்தில் ஒரு பிள்ளைக்குத்தான் விட்டுப் போகும். எதுவானாலும் "இப்ப சரியாயிருக்கும்" என்று வீட்டில் கொடுத்துப் பார்க்கக் கூடாது. அதை மருத்துவமனையில் வைத்து, மருத்துவர் கண்ணெதிரில்தான் செய்ய வேண்டும். பிள்ளைக்கு வீசிங்கும் இருந்தால் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். வீசிங் கட்டுக்குள் இல்லாத பிள்ளைக்கு அலர்ஜி வந்தால் மூச்சு சீக்கிரம் கெடும்.

அடுத்து: பெயரை விளக்கி எழுதுவது

இதில்தான் நம் பக்கம் அதிகம் தடுமாறுகிறது. "கடலை ஆகாது" என்று சொல்லிவிட்டு வந்துவிடுகிறோம். எந்தக் கடலை? நிலக்கடலையும் கடலை, கொண்டைக்கடலையும் கடலை, பொட்டுக்கடலையும் கடலை. கடலைப்பருப்பு, கடலை மாவு, கடலை எண்ணெய் என்று எல்லாவற்றுக்கும் அதே பெயர். இதில் கடலைப்பருப்பு, கடலை மாவு, பொட்டுக்கடலை மூன்றும் கொண்டைக்கடலை இனம். கடலை எண்ணெய் நிலக்கடலை. என் மகளுக்குப் பொட்டுக்கடலைச் சட்னி ஒன்றும் செய்யாது, ஆனால் சட்னி கெட்டியாக வர ஒரு கை நிலக்கடலை சேர்க்கிற வீடுகள் உண்டு. கொண்டைக்கடலையே ஆகாத பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களுக்கு பஜ்ஜியும் மைசூர்பாகும்கூட ஆபத்து. ஆகவே காகிதத்தில் "நிலக்கடலை ஆகாது, பொட்டுக்கடலை, கடலைப்பருப்பு, கொண்டைக்கடலை தின்னலாம்" என்று இரண்டு பக்கமும் எழுதுங்கள். தின்னக் கூடியதையும் எழுதினால்தான் பார்த்துக்கொள்பவர்களுக்குத் தைரியம் வரும், பிள்ளையும் பட்டினி கிடக்காது.

பாலும் அப்படித்தான். பால் பணியாரம் என்றால் தேங்காய்ப்பால் என்று ஒரு வீட்டில், பசும்பாலும் கலந்து இன்னொரு வீட்டில். மோர், தயிர், பால்கோவா, ரொட்டியில் தடவிய வெண்ணெய் எல்லாம் பால்தான். நெய்யிலும் பாலின் புரதம் கொஞ்சம் மிஞ்சும், ஆகவே நெய் விட்ட கும்மாயத்தை மருத்துவரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். "பசும்பால் ஒத்துக்காட்டி ஆட்டுப்பால் குடு" என்று அப்பத்தா சொல்வார். பசும்பால் அலர்ஜி உள்ள பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு ஆட்டுப்பாலும் ஆகாது, இரண்டிலும் புரதம் ஏறக்குறைய ஒன்றே. இன்னொன்று: பால் குடித்தால் வயிறு உப்பி பேதியாவது வேறு, பால் அலர்ஜி வேறு. முன்னது தொந்தரவு மட்டும். பின்னதில் உயிருக்கு ஆபத்து உண்டு.

எண்ணெயைப் பற்றித் தனியாகவே சொல்ல வேண்டும். ரீஃபைண்ட் எண்ணெயில் புரதம் அநேகமாக நீங்கிவிடும். மரச்செக்கில் ஆட்டிய கடலை எண்ணெயில் புரதம் மிச்சம் இருக்கும். நல்லெண்ணெய் பெரும்பாலும் அப்படி ஆட்டி எடுப்பதுதான். நாம் பெருமையாகச் செக்கெண்ணெய் வாங்கும் ஊர்க்காரர்கள். நிலக்கடலையோ எள்ளோ ஆகாத பிள்ளை இருக்கும் இடத்தில் அந்த எண்ணெயை அடுப்படிக்குள்ளேயே விடாமல் இருப்பது நல்லது. முறுக்கு சுட்ட எண்ணெயிலேயே அடுத்து இன்னொன்றைப் பொரித்தால் முதலில் பொரித்ததன் மிச்சம் எல்லாவற்றிலும் ஏறும்.

ஒளிந்திருப்பவையும் நிறைய. குருமாவிலும் கோழிக் குழம்பிலும் அரைத்து விட்ட முந்திரி, மாவுருண்டையில் வறுத்துப் போட்ட முந்திரி, முறுக்கில் எள், இட்லிப் பொடியில் எள், புளிச்சோற்றில் நிலக்கடலையும் வறுத்துப் பொடித்த எள்ளும். முந்திரி ஆகாத பிள்ளைக்குப் பிஸ்தாவும் பெரும்பாலும் ஆகாது. நம் பக்கத்துப் பலகாரக் கடைகளில் ஒரே வாணலி, ஒரே ஜல்லிக்கரண்டி. பாக்கெட்டில் லேபிளும் இருக்காது.

லேபிள் இருக்கும் பொருளுக்கு இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020 விதிகள் உண்டு. கோதுமை போன்ற பசைப்புரதம் (குளூட்டன்) உள்ள தானியங்கள், இறால் நண்டு வகை, பால், முட்டை, மீன், நிலக்கடலையும் முந்திரி, பாதாம் போன்ற மரப்பருப்புகளும், சோயா, கெடாமலிருக்கச் சேர்க்கும் சல்பைட் ஆகியவை சேர்ந்திருந்தால் தனியாகக் குறிப்பிட வேண்டும். அந்தப் பட்டியலில் எள் கிடையாது. அமெரிக்காவில் 2023 ஜனவரி 1 முதல் எள்ளையும் சேர்த்துவிட்டார்கள். இவ்வளவு எள் தின்னும் நம் நாட்டில் அது இல்லாதது எனக்குப் பெரிய மனக்குறை. எள் ஆகாத பிள்ளையின் பெற்றோர் 'அலர்ஜி' என்று தடித்த எழுத்தில் இருக்கும் வரியோடு நிறுத்தாமல் சேர்மானப் பட்டியல் முழுவதையும் படிக்க வேண்டும்.

காப்பகத்தில் பேசுவது

சேர்க்கைக்கு முன்னால், பிள்ளைகளைக் கூட்டிப் போன பிறகு, அவசரம் இல்லாத நேரமாகப் பார்த்துப் போங்கள். நடத்துபவரிடம் மட்டும் பேசிவிட்டு வந்துவிடாதீர்கள். ஊட்டிவிடுவது ஆயாம்மா, சமைப்பது சமையல்காரம்மா, சனிக்கிழமை மாற்றாள் வருவார். மூன்று பேரும் இருக்கையில் பேச வேண்டும். நான் கேட்ட கேள்விகள் இவை. சமையல் இங்கேயே நடக்கிறதா, வெளியிலிருந்து வருகிறதா? மிக்ஸி ஜார் எத்தனை? பிள்ளைகள் ஒருவர் டப்பாவிலிருந்து ஒருவர் எடுத்துத் தின்ன விடுகிறீர்களா? உங்களில் யார் ஊசி போடப் பழகத் தயார்? கடைசிக் கேள்விக்கு ஒருவராவது "நான் பழகிக்கிறேன்" என்று சொல்லாத இடத்தில் நான் பிள்ளையை விடமாட்டேன். அந்த ஒருவர் லீவு எடுக்கும் நாள் வரும், ஆகவே இரண்டு பேர் வேண்டும்.

அங்கன்வாடியில், நம் பேச்சில் பால்வாடியில், விடுபவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே முட்டையும் சத்துமாவும் வழக்கம். முட்டை ஆகாது என்றால் பணியாளரிடம் எழுத்திலேயே கொடுங்கள். கலவைச் சாதத்தின் மேல் வைத்த முட்டையை எடுத்துவிட்டுச் சோற்றைக் கொடுப்பதும் கூடாது என்று சேர்த்து எழுதுங்கள். சத்துமாவுப் பாக்கெட்டின் பின்பக்கத்தை ஒவ்வொரு முறையும் படியுங்கள்.

வீட்டுச் சாப்பாடு கொடுத்துவிடுவதே எளிது, ஆரம்பத்திலாவது அதையே செய்யுங்கள். பிள்ளையின் தட்டு, டம்ளர், கரண்டி எல்லாம் ஒரே நிறத்தில் இருக்கட்டும். எங்களுடையது மஞ்சள். அந்த நிறத்தில் வேறு பாத்திரம் அங்கே இருக்கக் கூடாது. ஒரு சின்ன டப்பாவில் அவளுக்கு ஆகும் பலகாரம் எப்போதும் இருக்கட்டும்: வீட்டில் சுட்ட தேன்குழல், பேரீச்சம்பழம், எதுவானாலும் சரி. திடீரென்று யாராவது மிட்டாய் கொண்டுவந்தால் ஆயாம்மா அந்த டப்பாவைத் திறப்பார். பிள்ளை ஏங்குகிற பிரச்சினைக்கு நான் கண்ட வழி இதுதான். ஆயாம்மாவுக்குக் கொடுக்கவும் ஒன்று வேண்டுமே.

சாப்பிட்ட பிறகு எல்லாப் பிள்ளைகளுக்கும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். கைக்குத் தேய்க்கும் சானிடைசர் கிருமியைக் கொல்லும், கடலையின் புரதத்தை எடுக்காது. மேசையையும் பாயையும் சோப்புத் தண்ணீர் தொட்டுத் துடைக்க வேண்டும். அதேசமயம் தேவையில்லாத பயமும் வேண்டாம். பக்கத்தில் ஒருவர் கடலை மிட்டாய் தின்றார், வாசம் வந்தது என்பதற்காக உயிருக்கு ஆபத்து வராது. தோலில் பட்டால் பெரும்பாலும் பட்ட இடம் தடிக்கும், அவ்வளவே. வாய்க்குள் போவதுதான் ஆபத்து. ஆனால் இரண்டு வயதுப் பிள்ளையின் கை எப்போதும் வாயில்தான் இருக்கிறது, அதற்காகத்தான் இத்தனை துடைப்பும் கழுவலும். மீன், இறால் மட்டும் கொஞ்சம் வேறு. கொதிக்கும்போது எழும் ஆவியே சில பிள்ளைகளுக்கு இருமலையும் மூச்சிரைப்பையும் கிளப்பும்.

ஊசி

இதை அவசரமில்லாமல் படியுங்கள்.

கடுமையான அலர்ஜிக்கு முதல் மருந்து அட்ரினலின் மட்டுமே. நாம் பையில் வைத்திருக்கும் செட்ரிசின், அவில் போன்றவை தடிப்பையும் அரிப்பையும் குறைக்கும். மூச்சுக்குழாய் அடைவதையும் ரத்த அழுத்தம் விழுவதையும் அவை தடுக்காது. சிரப்பைக் கொடுத்துவிட்டு "பாப்போம்" என்று காத்திருக்கும் அந்தக் கால் மணி நேரத்தில்தான் பிள்ளைகள் கையை விட்டுப் போகின்றன.

வெளிநாடுகளில் பேனா மாதிரி ஒரு ஊசி உண்டு. மூடியைக் கழற்றித் தொடையில் அழுத்தினால் அளவான மருந்து தானே இறங்கும். நம் ஊர் மருந்துக்கடையில் அது எளிதாகக் கிடைப்பதில்லை. சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ உறவு இருப்பவர்கள், நம் பக்கம் யாருக்குத்தான் இல்லை, மருத்துவர் சீட்டோடு வரவழைக்கிறார்கள். அதற்கு வழியில்லாதவர்களுக்கு ஆம்பூலும் (மருந்து அடைத்த சின்னக் கண்ணாடிக் குப்பி) சிரிஞ்சும்தான். மருத்துவர் எழுதிக் கொடுத்து, செவிலியர் கற்றுக் கொடுத்து, நீங்களும் காப்பகத்தில் இரண்டு பேரும் பழக வேண்டும்.

அளவு எடையைப் பொறுத்தது: ஒரு கிலோவுக்கு 0.01 மில்லிகிராம். ஒரு மில்லியில் ஒரு மில்லிகிராம் இருக்கும் ஆம்பூலில், 10 கிலோ பிள்ளைக்கு 0.1 மில்லி, 15 கிலோ பிள்ளைக்கு 0.15 மில்லி. எவ்வளவு சின்ன அளவு என்று பாருங்கள். பதற்றத்தில் பத்து மடங்கு தப்பு வர ஒரு புள்ளி போதும். அதனால் உங்கள் பிள்ளைக்கான அளவை மருத்துவரே எழுதித் தரட்டும், சிரிஞ்சில் அந்தக் கோட்டைக் காட்டித் தரட்டும். சர்க்கரை நோய்க்கான இன்சுலின் சிரிஞ்சை இதற்கு எடுக்காதீர்கள், அதன் அளவுக் கோடு வேறு, ஊசியும் தசை வரை எட்டாது. எடை ஏறும்போது அளவு மாறும் என்பதால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடை பார்த்து மருத்துவரைக் கேளுங்கள்.

போடும் இடம் தொடையின் வெளிப்பக்கம், நடுப்பகுதி, தசைக்குள். கையிலோ இடுப்பிலோ வேண்டாம். போட்ட பிறகு பிள்ளைக்கு நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், முகம் வெளுக்கும். சில நிமிஷத்தில் சரியாகிவிடும். "தேவையில்லாமப் போட்டுட்டா என்ன ஆகும்?" என்று எங்கள் ஆயாம்மா கேட்டார். மருத்துவர் சொன்ன பதில் எனக்கு மனப்பாடம்: "சரியான அளவுல தொடையில போட்டா பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாதும்மா. போடாம விட்டாத்தான் ஆகும்." இதைப் பெற்றோர் சம்மதக் கடிதமாகவும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். போடுகிற கைக்கு அது பெரிய தைரியம்.

பயிற்சிக்குத் தண்ணீரும் ஒரு தலையணையும் போதும். மாதம் ஒருமுறை, நேரம் பார்த்துக்கொண்டு, பையைத் திறப்பதிலிருந்து செய்து பாருங்கள். முதல் முறை எங்களுக்கு நாலு நிமிஷம் ஆனது. ஆம்பூலின் கழுத்தை உடைக்கவே பயம்.

மருந்துக்கு வெளிச்சமும் சூடும் ஆகாது. கத்திரி வெயிலில் காரிலோ ஸ்கூட்டர் டிக்கியிலோ ஜன்னல் ஓரத்திலோ வைக்கக் கூடாது. உறைய விடவும் கூடாது. பெட்டியோடு, இருட்டான குளிர்ந்த இடத்தில் இருக்கட்டும். நிறம் மாறினாலும், உள்ளே துகள் தெரிந்தாலும், தேதி முடிந்தாலும் மாற்றுங்கள். எப்போதும் இரண்டு டோஸ் வேண்டும்.

எங்கே வைப்பது என்பதில் நம் வீடுகளுக்கென்று ஒரு சிக்கல் உண்டு. இங்கே பல காப்பகங்கள் பழைய வீடுகளில் நடக்கின்றன. முகப்பு, வளவு (நடு முற்றம்), இரண்டாம் கட்டு, அதற்கும் பின்னால் அடுப்படி என்று ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். பிள்ளைகள் வளவில், ஊசி முகப்பு அறைப் பீரோவில், சாவி நடத்துபவர் இடுப்பில் என்றால் பிரயோசனமே இல்லை. பிள்ளைகள் இருக்கும் இடத்திலேயே, பெரியவர் கைக்கு எட்டும் உயரத்தில், பூட்டில்லாமல், சிவப்புப் பையில் தொங்க வேண்டும். பிள்ளைகளை வெளியே கூட்டிப் போனால் பையும் கூடப் போக வேண்டும்.

சுவரில் ஒட்ட ஒரு தாள்

எங்கள் தாளில் இருந்ததை அப்படியே தருகிறேன், என் மகளுக்கு எள்ளும் ஆகாது. உங்கள் மருத்துவரிடம் காட்டி மாற்றிக்கொள்ளுங்கள். ஒன்று அடுப்படியில், ஒன்று வளவில், ஒன்று மருந்துப் பைக்குள். பெற்றோர் சம்மதித்தால் பிள்ளையின் படத்தையும் ஒட்டலாம், மாற்றாள் வருகிற நாளில் அது உதவும்.

"ஆகாதவை: நிலக்கடலை, எள், இவை பட்ட எதுவும். பொறுக்கி எடுத்துவிட்டுக் கொடுப்பதும் கூடாது.

வாயைச் சுற்றி மட்டும் தடிப்பு, அரிப்பு என்றால்: வாயில் இருப்பதை எடு. மருத்துவர் எழுதிய சிரப்பைக் கொடு. ஊசியைக் கையில் எடுத்து வை. பிள்ளையைத் தனியே விடாதே. பெற்றோருக்குப் போன் செய்.

இவற்றில் ஒன்று வந்தாலும் உடனே ஊசி: மூச்சுத் திணறல், விடாத இருமல், இழுப்பு, குரல் கம்முதல், எச்சில் விழுங்க முடியாமல் ஒழுகுதல், நாக்கு வீக்கம், முகம் வெளிறுதல், துவண்டு போதல், எழுப்பினால் எழாத தூக்கம். தடிப்போடு சேர்ந்து வாந்தி வந்தாலும் ஊசி. தடிப்பு இல்லாமலும் இவை வரும்.

1. தொடையில் ஊசி போடு. நேரத்தைக் குறி.
2. பிள்ளையைப் படுக்க வை, காலைத் தூக்கி வை. மூச்சு வாங்கினால் காலை நீட்டி உட்கார வை. வாந்தி வந்தால் ஒருக்களித்துப் படுக்க வை. தோளில் போடாதே, நிற்க விடாதே, நடக்க விடாதே.
3. 108.
4. பெற்றோர்.
5. ஐந்து நிமிஷத்தில் சரியாகவில்லை என்றால் இரண்டாவது ஊசி.

தண்ணீர், பால், சர்க்கரை எதுவும் வாயில் ஊற்றாதே. விரல் விட்டு வாந்தி எடுக்க வைக்காதே. ஊசி போட யாருடைய அனுமதிக்கும் காத்திருக்காதே."

இரண்டாவது வரிசையில் 'தோளில் போடாதே' என்பதை நான் சிவப்பு மையில் எழுதியிருக்கிறேன். ரத்த அழுத்தம் விழுந்திருக்கும்போது நிமிர்த்தினால் இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறைந்து பிள்ளை சட்டென்று மயங்கிவிடும். அன்று என் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கும் வளவுக்குமாக நடந்தார்கள். அழுகிற பிள்ளையை வேறு எப்படி வைத்துக்கொள்வது என்று யாருக்கும் தோன்றவில்லை.

பேசத் தெரியாத பிள்ளைக்கு "தொண்டை அடைக்குது" என்று சொல்ல வராது. நாக்கைப் பிடித்து இழுக்கும், காதைத் தேய்க்கும், காரணமில்லாமல் சிணுங்கி மடியில் ஒண்டும், விளையாடிக்கொண்டிருந்தது திடீரென்று அமைதியாகிவிடும். சாப்பிட்ட பிறகு வரும் திடீர் அமைதிக்குப் பயப்படுங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வேன். "கண்ணு பட்டிருக்கும், சுத்திப் போடலாம்" என்றால், ஊசி போட்ட பிறகு சுற்றிப் போடலாம்.

ஆம்புலன்ஸ் எந்த வாசலுக்கு வரும்?

108-க்குச் சொல்லும்போது "மூச்சுத் திணறல், கடுமையான அலர்ஜி, இரண்டு வயதுப் பிள்ளை" என்று முதலில் சொல்லுங்கள். பிறகு முகவரி. நம் தெருக்களில் பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகள் ஒன்றைப் போலவே ஒன்று இருக்கும், வாசலும் இரண்டு. "இன்ன கோயில் ஊருணிக்கு மேற்கே, பச்சைக் கதவு, கிழக்கு வாசல்" என்று ஒரு வரியை முன்கூட்டியே எழுதித் தாளின் அடியில் சேர்த்துவிடுங்கள். ஒருவர் தெருமுனையில் போய் நிற்க வேண்டும்.

காரைக்குடி, தேவகோட்டையில் இருப்பவர்களுக்கு அரசு மருத்துவமனை பக்கம். கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர் போன்ற ஊர்களில் இருப்பவர்கள் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஒருநாள் நேரில் போய்க் கேளுங்கள்: எத்தனை மணி வரை மருத்துவர் இருப்பார், அட்ரினலின் கையிருப்பு உண்டா? தடுப்பூசி போடும் இடத்தில் அந்த மருந்து இருந்தாக வேண்டும் என்பதால் அவர்களுக்கு அது பழக்கமான பொருள்தான். மதுரைக்கோ திருச்சிக்கோ பெரிய மருத்துவமனை என்று நேராக வண்டியை விடாதீர்கள், இரண்டும் காரைக்குடியிலிருந்து ஏறக்குறைய 90 கிலோமீட்டர். பக்கத்தில் ஊசி கிடைக்கும் இடம்தான் முதலில்.

ஊசி போட்டுப் பிள்ளை சிரித்து விளையாடத் தொடங்கினாலும் மருத்துவமனைக்குப் போயே ஆக வேண்டும். சில மணி நேரம் கழித்து இரண்டாவது முறை திரும்பி வருவது உண்டு. குறைந்தது நாலு முதல் ஆறு மணி நேரம் அங்கேயே வைத்திருக்கச் சொல்வார்கள், இருங்கள்.

விசேஷ நாட்கள்

சாதாரண நாளைவிட விசேஷ நாளில்தான் தவறு நடக்கிறது. பிறந்தநாள் கேக், சரஸ்வதி பூஜைப் பொரி, ஆடியில் கும்மாயம், பிள்ளையார் சதுர்த்திக் கொழுக்கட்டை. யாரோ ஒருவர் பிள்ளையார்பட்டி போய்விட்டு வந்து பிரசாதம் நீட்டுவார். சாமி பிரசாதம் ஒன்றும் செய்யாது என்று மனசார நம்பித்தான் கொடுப்பார்கள், அவர்களோடு வாதாடிப் பயனில்லை. நாங்கள் ஒரு வழக்கம் வைத்தோம். பிரசாதத்தைப் பெரியவர் கையில் வாங்கி, கண்ணில் ஒற்றி, பொட்டலமாக மடித்துப் பிள்ளையின் பைக்கு வெளியே மாட்டிவிடுவார்கள். பிள்ளைக்குத் திருநீறு. வீட்டில் நான் தின்றுகொள்வேன். யாருக்கும் மனம் நோகவில்லை.

காப்பகத்தில் மற்றப் பெற்றோருக்கு ஒரு சின்னக் கடிதம் போகட்டும். பிள்ளையின் பெயர் வேண்டாம். "நம் பிள்ளைகளில் ஒருவருக்கு நிலக்கடலையும் எள்ளும் உயிருக்கே ஆபத்து. பிறந்தநாளுக்கு ஏதாவது கொடுக்க விரும்பினால் பழம், பென்சில், பலூன் தாருங்கள்" என்று மரியாதையாகக் கேட்டால் பெரும்பாலோர் கேட்கிறார்கள். கேட்காத ஓரிருவரும் இருப்பார்கள். "எங்க காலத்துல இதெல்லாம் ஏது" என்று ஒரு பெரியவர் என் முகத்துக்கு நேரே சொன்னார். பதில் பேசாமல், செல்போனில் இருந்த அன்றைய படத்தைக் காட்டினேன். மறுநாள் அவர் பேரனின் டப்பாவில் கடலை மிட்டாய் வரவில்லை.

உறவுக்காரர்களில் அயித்தை, அப்பத்தா எல்லோரையும் ஒருநாள் காப்பகத்துக்கே கூட்டிப்போய், ஊசிப் பயிற்சியைக் காட்டுங்கள். ஒரு வாய்தானே என்று சொல்லிக்கொண்டிருந்த என் மாமியார், தலையணையில் ஊசி இறங்குவதைப் பார்த்த அன்றிலிருந்து எங்களைவிடக் கறாராகிவிட்டார்.

பிள்ளைக்கும் மூன்று வயதிலேயே சொல்லித் தரலாம். "அம்மா குடுத்தது, ஆயாம்மா மஞ்சத் தட்டுல குடுத்தது. மத்தது வேணாம்." என் மகள் இப்போது யார் எதை நீட்டினாலும் "இதுல கல்ல இருக்கா?" என்று கேட்கிறாள். 'கடலை' இன்னும் சரியாக வாயில் வரவில்லை.

தாளும் பையும் மாட்டியாயிற்று என்றால், மாதம் முதல் தேதியில் இதை மட்டும் பாருங்கள்: இரண்டு ஆம்பூல், இரண்டு சிரிஞ்சு, முடிவுத் தேதி, மருந்தின் நிறம், பிள்ளையின் எடை, தாளில் இருக்கும் போன் நம்பர், புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர் யாராவது உண்டா என்பது. உண்டென்றால் அன்றைக்கே அவர் கையில் சிரிஞ்சையும் தலையணையையும் கொடுத்துவிடுங்கள்.